மேலே காவலா, கீழே ஆயத்தமா, மறைவுத் தளமா? திடீர்த் தாக்குதலில் விமானத் தளத்தைக் காக்கும் வழிகள்

1942 ஏப்ரல் 4, மாலை நான்கு மணி வாக்கில், தென்னிலங்கையின் கொக்கலையிலிருந்து ரோந்து போயிருந்த ஒரு கேட்டலினா கடல் விமானம் இலங்கைக்குத் தென்கிழக்கே ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்களைக் கண்டது. அதன் தலைமை விமானி லெனார்ட் பிர்ச்சால். வானொலியில் செய்தி போய்க்கொண்டிருக்கும்போதே ஜப்பானியரின் ஜீரோ போர் விமானங்கள் கேட்டலினாவைச் சுட்டு வீழ்த்தின. ஆனாலும் செய்தி கொழும்பை எட்டிவிட்டது. மறுநாள் ஈஸ்டர் ஞாயிறு. போர் விமான ஸ்குவாட்ரன்கள் விடியும் முன்பே ஆயத்த நிலைக்கு வந்துவிட்டன. இத்தனைக்குப் பிறகும், காலை ஏழரை மணியை ஒட்டி எதிரி விமானங்கள் கொழும்பு வானத்தில் தெரிந்தபோது கொழும்பை அடுத்த இரத்மலானைத் தளத்தின் பிரிட்டிஷ் ஹரிக்கேன் போர் விமானங்கள் தரையில்தான் நின்றன. ரேடாரிலிருந்து எச்சரிக்கை வரவில்லை. கண்ணால் பார்த்த பிறகுதான் கிளம்பினார்கள்.

திடீர்த் தாக்குதல் என்றால் எதிரி வருவதே தெரியாமல் இருப்பது என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. நாள் தெரிந்திருக்கும், நிமிடம்தான் தெரியாது. தளத்தைக் காக்கும் தளபதி எடுக்க வேண்டிய முடிவு முழுவதும் அந்தத் தெரியாத நிமிடத்தைச் சுற்றியே நிற்கிறது.

முடிவு இதுதான்: ஒரு தளம், ஒரு ஓடுபாதை, 20 போர் விமானங்கள். பழுது, பராமரிப்பு எல்லாம் போக இன்று பறக்கக்கூடியவை 15. இவற்றை எங்கே, எப்படி நிறுத்துவது? வழிகள் நான்கு. சிலவற்றை வானில் சுற்றவிட்டுக் காவல் வைக்கலாம். விமானியைக் காக்பிட்டில் உட்காரவைத்து ஓடுபாதை முனையில் நிறுத்தலாம். முன்னெச்சரிக்கையை நம்பி, மணி அடித்ததும் கிளப்பலாம். எதிரிக்குத் தெரியாத வேறு ஓடுபாதைக்கு ஒரு பகுதியைப் பிரித்து அனுப்பலாம்.

முதலில் நிமிடக் கணக்கு

எந்த வழி சரி என்று பேசும் முன் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். அதைப் போடாமல் சொல்லும் எந்த ஆலோசனையும் வெறும் ஊகம்.

1942-இன் குண்டுவீச்சு விமானக் கூட்டம் அணிவகுத்து வரும் வேகம் மணிக்குச் சுமார் 270 கிலோமீட்டர். அதாவது நிமிடத்துக்கு நாலரை கிலோமீட்டர். ரேடார் அதை 80 கிலோமீட்டரில் பிடித்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கையில் 18 நிமிடம் இருக்கிறது. தாராளம் போலத் தெரிகிறது, இல்லையா? இப்போது செலவைப் பாருங்கள்.

திரையில் தெரியும் புள்ளி நம்முடையதா எதிரியுடையதா என்று விசாரித்து, கட்டுப்பாட்டு அறை மேசையில் குறித்து, தொலைபேசியில் சொல்லி, மணி அடிக்க 4 நிமிடம். கூடாரத்தில் இருக்கும் விமானி ஓடிவந்து ஏறி, வார்களைக் கட்டி, எஞ்சினைக் கிளப்பி, ஓடுபாதைக்கு வர 3 நிமிடம். 12 விமானங்கள் இரண்டிரண்டாக எழும்ப 2 நிமிடம். ஹரிக்கேன் 6,000 மீட்டர் ஏற 8 முதல் 9 நிமிடம் எடுக்கும். தூசி வடிகட்டி பொருத்திய வெப்பமண்டல விமானத்துக்கு இன்னும் கொஞ்சம் கூடும். 5,000 மீட்டர் போதும் என்று வைத்தாலும், அணியாகச் சேர்ந்து ஏறும்போது 8 நிமிடம் ஆகிவிடும். கூட்டினால் 17.

மிச்சம் ஒரே ஒரு நிமிடம். அதுவும் எல்லாம் ஒழுங்காக நடந்தால்! ஒரு தொலைபேசி இணைப்பு கிடைக்காமல் போனால், ஒருவர் "அது நம்ம விமானமாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டால் கணக்கு உடைந்துவிடும்.

1942 பிப்ரவரி 19 அன்று ஆஸ்திரேலியாவின் டார்வினில் நடந்தது அதுவேதான். அதற்கு வடக்கே பாதர்ஸ்ட் தீவிலிருந்த மிஷனரி பாதிரியார், பெரிய விமானக் கூட்டம் தெற்கே போகிறது என்று காலை 9:35-க்கு வானொலியில் சொன்னார். முதல் குண்டு விழுந்தது 9:58-க்கு. இடையில் இருந்த இருபது நிமிடத்துக்கு மேலான நேரம் பயன்படாமல் போயிற்று. திமோர் நோக்கிப் போய், வானிலை மோசம் என்று திரும்பிவந்த பத்து அமெரிக்க பி-40 போர் விமானங்களைத்தான் அவர் பார்த்திருப்பார் என்று எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பத்தில் ஐந்து தரையிறங்கியிருந்தன, ஐந்து மேலே சுற்றிக்கொண்டிருந்தன. ஜீரோக்கள் மேலிருந்து விழுந்தபோது ஒன்று தவிர மற்ற எல்லாம் அழிந்தன. விசாரிக்கும் அந்த 4 நிமிடத்தைத்தான் முதலில் குறைக்க வேண்டும். விமானம் வாங்குவதைவிட, நம் விமானம் எது எங்கே எப்போது பறக்கிறது என்ற பட்டியலை ஒழுங்காக வைத்திருப்பது மலிவு, பலனும் கூடுதல்.

ஜெட் காலத்தில் இந்தக் கணக்கு இன்னும் சுருங்குகிறது. தாழ்வாக 800 கிலோமீட்டர் வேகத்தில் வரும் சேபர் ஜெட் போர் விமானம், நிமிடத்துக்கு 13 கிலோமீட்டரைக் கடக்கிறது. 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ள காவல் சாவடி கண்டு சொன்னாலும் கையில் இருப்பது 3 நிமிடம்தான்.

வானில் காவல்

கேட்டவுடன் எல்லோருக்கும் பிடிக்கும் வழி இது. விமானம் ஏற்கெனவே மேலே, உயரத்தில் இருக்கிறது. ஏறும் நேரம் பூஜ்யம். 1965 செப்டம்பர் 6 மாலை இதன் பலனும் இது இல்லாததன் விலையும் பஞ்சாபின் இரண்டு தளங்களில் ஒரே பொழுதில் தெரிந்தன. பதான்கோட்டில் எட்டு பாகிஸ்தானிய சேபர்கள் வந்து தாக்கியபோது மேலே காவல் இல்லை. புதிதாக வந்திருந்த இரண்டு மிக்-21 உட்படப் பத்து விமானங்கள் வரை தரையிலேயே போயின. ஹல்வாராவில் மேலே இந்திய ஹண்டர் ஜெட்கள் இருந்தன. அங்கே வந்த மூன்று சேபர்களில் இரண்டு வீழ்ந்தன. இந்தியத் தரப்பிலும் இரண்டு ஹண்டர்கள் போயின, ஆனால் அந்த விமானிகள் இருவரும் குதித்துத் தப்பினார்கள். தளத்தின் மேலேயே சண்டை மூண்டதால் தாக்க வந்தவர்களுக்குத் தரையில் நின்றவற்றைக் குறிபார்க்க அவகாசமே கிடைக்கவில்லை.

அப்படியானால் எப்போதும் காவல் வைத்துவிடலாமே? கணக்கு விடாது. ஹரிக்கேன் போன்ற விமானம் ஒரு முறை ஏறினால் ஒன்றரை மணி நேரம். ஏறி இறங்கும் நேரமும் சண்டைக்கான எரிபொருளும் போக, காவல் நிற்பது ஒரு மணி நேரம்தான். வெப்பமண்டலத்தில் பகல் சுமார் பன்னிரண்டரை மணி. எப்போதும் நான்கு விமானம் மேலே இருக்க வேண்டும் என்றால் ஒரு நாளுக்கு 50 பறப்புகள். 15 விமானம் உள்ள தளத்தில் ஒவ்வொன்றும் தினமும் மூன்று தடவைக்கு மேல் ஏற வேண்டும், ஐந்து மணி நேரம் எஞ்சின் ஓட வேண்டும். முதல் இரண்டு நாள் தாக்குப்பிடிக்கும். நாலாம் நாள் பறக்கக்கூடியவை பத்தாகக் குறையும். எதிரி வரும் நாளில் மேலே நான்கு இருக்கும், கீழே எண்ணெய் ஒழுகும் எஞ்சின்களும் தூக்கம் இல்லாத விமானிகளும் இருப்பார்கள்.

அதனால் விடியலிலும் அந்தியிலும் மட்டும் காவல் வைக்கும் வழக்கம் வந்தது. இதில் ஒரு பெரிய ஓட்டை. கப்பலிலிருந்து வரும் விமானம் விடியலில்தான் கிளம்பும், விடியலில் வந்து சேராது! கொழும்பைத் தாக்கியவை காலை ஆறு மணி வாக்கில் கிளம்பி ஏழரையை ஒட்டி வந்தன. நான்கு நாள் கழித்து நடந்த திருகோணமலைத் தாக்குதலும் ஏறத்தாழ அதே வேளைதான். விடியற்காவல் எரிபொருள் தீர்ந்து இறங்கி, அடுத்த அணி தேநீர் குடித்துக்கொண்டிருக்கும் நேரம் அது. கடல் பக்கமிருந்து அச்சுறுத்தல் என்றால் வலுவான காவலை விடிந்து ஒரு மணி நேரம் கழித்து ஏற்றி, மூன்றாம் மணி வரை வைத்திருக்க வேண்டும். எதிரியின் தளம் எவ்வளவு தொலைவோ அந்தப் பறப்பு நேரத்தைச் சூரிய உதயத்தோடு கூட்டினால் நம் ஆபத்து வேளை கிடைத்துவிடும்.

இன்னொரு பிழை, காவலில் இருந்தவை எல்லாம் ஒன்றாக இறங்குவது. 1941 டிசம்பர் 8 அன்று பிலிப்பைன்ஸின் கிளார்க் தளத்தில் காலையில் மேலே சுற்றிக்கொண்டிருந்த விமானங்கள் எரிபொருளுக்கு இறங்கின. நண்பகலைத் தாண்டி ஜப்பானியர் வந்தபோது குண்டுவீச்சு விமானங்களும் போர் விமானங்களும் தரையில் நின்றன. பேர்ல் ஹார்பர் செய்தி வந்து பல மணி நேரம் ஆகியிருந்தது. மாற்று அணி உயரம் எட்டிய பிறகுதான் பழைய அணி இறங்கத் தொடங்க வேண்டும் என்ற விதி இதற்காகத்தான். கால் மணி நேர எரிபொருள் கூடுதலாகச் செலவாகும். கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

ஓடுபாதை முனையில் ஆயத்தம்

விமானி காக்பிட்டில், வார் கட்டி, தலைக்கவச இணைப்பு செருகி, பாராசூட் மாட்டி உட்கார்ந்திருக்கிறார். பேட்டரி வண்டி விமானத்தோடு இணைத்தபடி நிற்கிறது. சக்கரத் தடைக்கட்டையின் கயிறு ஒரு தரைப் பணியாளர் கையில். சிக்னல் துப்பாக்கி வெடித்ததும் எஞ்சின் சுழல்கிறது, வண்டி கழற்றப்படுகிறது, கட்டை இழுக்கப்படுகிறது. நன்கு பழகிய குழு முதல் ஜோடியை இரண்டு நிமிடத்தில் தரையிலிருந்து கிளப்பிவிடும். பிரிட்டிஷ் விமானப்படையில் இதற்குப் பெயர் ஸ்டாண்ட்பை. இந்திய விமானப்படையில் ஓடுபாதை முனையில் இதற்கென்றே உள்ள மேடையை ஓ.ஆர்.பி. என்கிறார்கள்.

எரிபொருள் செலவில்லை, எஞ்சின் தேய்மானமில்லை. ஆனால் மனிதர் தேய்கிறார். கண்ணாடி மூடிய காக்பிட்டில் வெயிலில் ஒரு மணி நேரம் உட்கார்ந்த விமானியின் கவனம் மங்கிவிடும். தலைக்கு மேல் ஒரு கித்தான் பந்தல், அரை மணிக்கொரு முறை குடிநீர், மணிக்கொரு முறை ஆள் மாற்றம், இவை சொகுசு அல்ல, தேவை. எஞ்சினை ஓடவிட்டபடி நிற்பது அதைவிட மோசம். ஹரிக்கேனின் மெர்லின் போன்ற திரவக் குளிர்ப்பு எஞ்சின் தரையில் நின்று ஓடினால் ரேடியேட்டருக்குக் காற்று போதாமல் சீக்கிரம் கொதிக்கும். மெல்ல ஓடினால் ஸ்பார்க் பிளக்கில் கரி படியும். அந்தக் கரி முழு வேகம் கொடுக்கும்போது, ஓடுபாதையின் நடுவில், எஞ்சினைத் திக்கவைக்கும். காலையில் ஒரு முறை சூடேற்றி நிறுத்திவிட்டு, எண்ணெய் ஆறிப்போகும் முன் திரும்ப ஐந்து நிமிடம் ஓட்டி நிறுத்துவதுதான் சரியான முறை. ரேடியோவைத் தொடர்ந்து போட்டுவைத்தால் பேட்டரி தீரும். அதற்குத் தரையிலிருந்து ஒரு தொலைபேசிக் கம்பி இழுத்துவிடலாம்.

இதன் உண்மையான ஆபத்து எழும்பும் அந்த ஒரு நிமிடத்தில் இருக்கிறது. சக்கரம் உள்ளே போகும் முன், வேகம் 200 கிலோமீட்டரைக்கூட எட்டாத நிலையில், விமானத்தால் திரும்பவும் முடியாது, விழவும் இடமில்லை. மேலிருந்து வருபவனுக்கு அது நேர்க்கோட்டில் ஓடும் குறி. 1945 ஜனவரி 1 காலை, ஜெர்மன் விமானப்படை பெல்ஜியம், ஹாலந்து, பிரான்ஸ் பகுதிகளில் இருந்த நேச நாட்டுத் தளங்கள் மீது ஒரே வேளையில் பாய்ந்தபோது ஹாலந்தின் ஐந்தோவனில் கிளம்ப ஓடிக்கொண்டிருந்த டைஃபூன் போர் விமானங்கள் அப்படித்தான் அடிபட்டன.

அதே காலை பெல்ஜியத்தின் ஆஷ் தளத்தில் நடந்தது வேறு. லெப்டினன்ட் கர்னல் ஜான் மேயரின் 12 அமெரிக்க மஸ்டாங் போர் விமானங்கள் ஓடுபாதையில் கிளம்பத் தயாராக நின்றன. எதிரி வந்தபோது அவை அப்படியே எழும்பின. மேயர் சக்கரம் முழுவதும் மடங்கும் முன்பே முதல் எதிரியைச் சுட்டார். மோதலில் ஒரு மஸ்டாங்கும் வீழவில்லை. அந்த ஸ்குவாட்ரன் இருபதுக்கு மேற்பட்ட எதிரி விமானங்களை வீழ்த்தியதாகக் கணக்கு எழுதியது. இதை மேயரின் துணிச்சல் என்று மட்டும் சொல்லி முடித்துவிடுகிறார்கள். துணிச்சல் உண்மைதான். ஆனால் அந்த நேரம் தளத்தின் மேலே வேறொரு குழுவின் பி-47 தண்டர்போல்ட்கள் ஏற்கெனவே பறந்துகொண்டிருந்தன. முதலில் எதிரிமேல் பாய்ந்தவை அவையே. மஸ்டாங்குகள் சக்கரம் மடக்கி, வேகம் பிடிக்கத் தேவையான அந்த நிமிடத்தை மேலே இருந்த ஒரு சில தண்டர்போல்ட்கள் வாங்கிக் கொடுத்தன. ஐந்தோவனுக்கும் ஆஷுக்கும் உள்ள வித்தியாசத்தில் பெரும் பங்கு இதற்கு என்பது என் முடிவு.

மேலே யாரும் இல்லாமல் ஓடுபாதை முனையை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு ஸ்ரீநகர் இருக்கிறது. 1971 டிசம்பர் 14. மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கில் ரேடாரால் தொலைவு பார்க்க முடியாது. மலைமேல் இருந்த காவல் சாவடிகள் சொல்வதே எச்சரிக்கை. ஆறு பாகிஸ்தானிய சேபர்கள் வந்தன. இந்தியாவின் இரண்டு நாட் போர் விமானங்கள் ஆயத்தத்தில் இருந்தன. முதல் நாட் கிளப்பிய புழுதியில் பார்வை மறைந்து, இரண்டாவதாகக் கிளம்ப இருந்த ஃப்ளையிங் ஆபீசர் நிர்மல் ஜித் சிங் சேகோன் சில நொடிகள் காத்திருக்க வேண்டியிருந்தது. ஓடுபாதையில் குண்டுகள் விழுந்துகொண்டிருக்கும்போதே எழும்பினார். தன்னந்தனியாகச் சேபர்களோடு மோதி உயிர் துறந்தார். இந்திய விமானப்படையில் பரம்வீர் சக்ரா பெற்றவர் அவர் ஒருவரே. அந்த வீரத்தைப் போற்றுகிறவர்கள் அந்தப் புழுதியையும் மறக்கக் கூடாது. ஓடுபாதை முனையின் மண்ணைத் தண்ணீரோ எண்ணெயோ விட்டுப் படியவைப்பது, இரண்டு விமானங்களும் காற்றின் குறுக்கே விலகி நின்று ஒரே வேளையில் ஓடுவது, இரண்டில் ஒன்றை எதிர் முனையில் வைப்பது எல்லாம் சிறிய வேலைகள். தப்பும் சில நொடிகள் அங்கேதான் கிடைக்கின்றன.

முன்னெச்சரிக்கையை நம்பிக் கிளப்புவது

எச்சரிக்கை உறுதியாகக் கிடைக்கும் இடத்தில் இதை மிஞ்ச வேறு வழி இல்லை. கொழும்புக்கு நான்கு நாள் கழித்து, ஏப்ரல் 9 அன்று திருகோணமலையில் இது வேலை செய்தது. முந்தைய நாளே கப்பல்கள் மறுபடி கண்ணில் பட்டிருந்தன. காலையில் ரேடார் கூட்டத்தை முன்கூட்டியே பிடித்தது. திருகோணமலையின் விமானத் தளமான சீனக்குடாவின் 261 ஸ்குவாட்ரன் ஹரிக்கேன்கள் உயரம் ஏறி நின்றன, மேலிருந்து பாய்ந்தன, முதல் அடியிலேயே ஜீரோக்களை வீழ்த்தின. கொழும்பில் கீழிருந்து மேலே பார்த்துச் சண்டையிட்டவர்களுக்குக் கிடைக்காத வாய்ப்பு அது.

ஆனால் ஒன்றை நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். திருகோணமலையிலும் ஏறிய ஹரிக்கேன்களில் ஏறத்தாழ பாதி வீழ்ந்தன. துறைமுகமும் தளமும் பலமாக அடிபட்டன. எச்சரிக்கையும் உயரமும் முதல் அடியை நம் கையில் கொடுக்கும். இரண்டரை மடங்கு ஜீரோக்கள் எதிரே இருந்தால் இரண்டாவது, மூன்றாவது அடிக்கு அவை உதவாது. ஜீரோ 6,000 மீட்டர் ஏற 7 நிமிடம் 27 நொடி போதும். ஒருமுறை பாய்ந்த ஹரிக்கேன் திரும்ப ஏறப் பார்த்தால் ஜீரோ அதற்கு முன் அங்கே இருக்கும். வளைந்து திரும்பினாலும் ஜீரோதான் ஜெயிக்கும். ஒரு பாய்ச்சல், சுட்டுவிட்டு அப்படியே கீழே வேகமாக விலகல், தொலைவில் போய் மறுபடி உயரம். இதைச் செய்தவர்கள் பிழைத்தார்கள்.

நீளமான எச்சரிக்கைக்குப் பசிபிக்கின் குவாடல்கனால் தீவில் அமெரிக்கர் கையில் இருந்த ஹென்டர்சன் தளம் நல்ல மாதிரி. பூகன்வில் தீவில் ஒளிந்திருந்த நேச நாட்டுக் கடற்கரைக் கண்காணிப்பாளர்கள் தலைக்கு மேல் போகும் ஜப்பானிய விமானங்களை எண்ணி வானொலியில் சொன்னார்கள். சுமார் இரண்டு மணி நேர அவகாசம். மெல்ல ஏறும் அமெரிக்க வைல்ட்கேட் போர் விமானங்களுக்கு அதுவே உயிர் கொடுத்தது. சாப்பிட்டு முடித்து, எரிபொருள் நிரப்பி, நிதானமாகக் கிளம்பி, எதிரி வரும்போது அவனுக்கு மேலே நிற்க முடிந்தது. ரேடாரைவிடப் பழைய முறை, ரேடாரைவிட நீண்ட பார்வை.

ஒரு எச்சரிக்கையை மட்டும் நம்பித் திட்டம் போடாதீர்கள். இரத்மலானையில் ரேடார் வாய் திறக்காதபோது இரண்டாவது கண் இல்லை. தாக்குதல் வரும் திசையில் 60 முதல் 100 கிலோமீட்டர் தொலைவில், தனித் தொலைபேசிக் கம்பியோடு கண்காணிப்பு ஆட்கள், இரண்டு மூன்று இடங்களில். ரேடாரை ஓட்டுபவர் அறிக்கையும் இவர்கள் அறிக்கையும் ஒரே மேசையில் வந்து சேர வேண்டும். மணி அடிக்கும் அதிகாரம் அந்த மேசையில் உட்கார்ந்திருக்கும் பணி அதிகாரியிடம் இருக்க வேண்டும். மேலதிகாரியை எழுப்பி அனுமதி கேட்கும் ஏற்பாடு இருந்தால் மேலே சொன்ன 4 நிமிடம் 10 ஆகிவிடும்.

மறைவுத் தளம்

கொழும்பில் அன்று நன்றாக நடந்த ஒரு காரியம் இது. நகரத்துக்குள் இருந்த குதிரைப் பந்தய மைதானத்தை ஓடுபாதையாக மாற்றி 258 ஸ்குவாட்ரனை அங்கே வைத்திருந்தார்கள். ஜப்பானியருக்கு அது தெரியாது. இரத்மலானையில் விமானங்கள் குண்டுக்கு நடுவே தனித்தனியாகக் கிளம்பிக்கொண்டிருந்தபோது பந்தய மைதானத்திலிருந்து 14 ஹரிக்கேன்கள் தொல்லையில்லாமல் எழும்பின.

எழும்பியபின் என்ன ஆயிற்று? அந்தப் பதினான்கில் பாதிக்கு மேல் வீழ்ந்தன. கீழே இருந்த குண்டுவீச்சு விமானங்கள்மேல் பாய்ந்தார்கள், மேலே இருந்த ஜீரோக்கள் அவர்கள்மேல் பாய்ந்தன. மறைவுத் தளம் எழும்பும் நிமிடத்தைத்தான் காக்கும். உயரத்தைத் தராது, எச்சரிக்கையும் தராது. அன்று மொத்தமாக ஏறிய 41 போர் விமானங்களில் கிட்டத்தட்ட பாதி திரும்பவில்லை. ஜப்பானியர் இழந்தது ஏழு. பல ஆண்டுகளாகப் பெரிய வெற்றி என்று சொல்லப்பட்டுவந்த சண்டையின் கணக்கு இது. ஆனால் விமானங்கள் தரையில் இல்லாததால் இரத்மலானைத் தளத்துக்குச் சேதம் குறைவு. தளம் தொடர்ந்து இயங்கியது. தளத்தைக் காப்பது என்ற ஒரே அளவுகோலில் பார்த்தால் அது சிறிய விஷயமல்ல.

பேர்ல் ஹார்பர் நாளிலும் இதே கதைதான். வீலர் தளத்தில் நாசவேலைக்குப் பயந்து விமானங்களை இறக்கையோடு இறக்கை ஒட்டி நிறுத்தியிருந்தார்கள், வரிசையாக எரிந்தன. ஹலைவா என்ற சிறிய ஓடுபாதையில் இருந்த சில பி-40 விமானங்கள் தப்பின. வெல்ச், டெய்லர் என்ற இரு இளம் விமானிகள் காரில் அங்கே விரைந்து போய் அவற்றைக் கிளப்பினார்கள்.

செலவு இருக்கிறது. இரண்டு இடத்தில் எரிபொருள், தோட்டா, ஆக்சிஜன் உருளை, மெக்கானிக். 12 துப்பாக்கி கொண்ட ஹரிக்கேனுக்குத் தோட்டா நாடா ஏற்ற நான்கைந்து பேர் வேண்டும். அந்தக் குழுவைப் பாதியாகப் பிரித்தால் இரண்டு பக்கமும் தாமதம். இரு தளத்து விமானங்கள் வானில் ஒன்றுசேர ஐந்து நிமிடம் போகும், சேராமல் போவதும் உண்டு. மறைவு என்பதும் ஒரு நாளைக்குத்தான். முதல் சண்டை முடிந்ததும் எதிரிக்கு இடம் தெரிந்துவிடும்.

வேறு ஓடுபாதைக்கு வசதியில்லை என்றால் இருக்கும் தளத்துக்குள்ளேயே சிதறி நிறுத்தலாம். 50 மீட்டருக்குக் குறையாத இடைவெளி, ஒரே கோட்டில் இரண்டுக்கு மேல் வராதபடி வளைத்து, மூன்று பக்கமும் விமானத்தின் உயரத்துக்கு மண்சுவர். ஒரு முறை சுட்டுக்கொண்டே கடக்கும் எதிரிக்கு ஒரு விமானம்தான் கிடைக்க வேண்டும். எரிபொருள் லாரியை மண்சுவருக்குள் நிறுத்தாதீர்கள். லாரி எரிந்தால் மண்சுவர் அடுப்பாகிவிடும்.

15 விமானம் கையில் இருந்தால்

எச்சரிக்கை 20 நிமிடத்துக்கு மேல் உறுதியாகக் கிடைக்கும், அதுவும் ஒன்றுக்கு மேற்பட்ட வழியில் கிடைக்கும் என்றால் நாள் முழுக்க வானில் காவல் வைக்க வேண்டியதே இல்லை. பெரும்பாலானவற்றைத் தரையில் ஓய்வாக வைத்து, மணி அடித்ததும் முழுப் பலத்தோடு கிளப்புங்கள். ஆபத்து வேளையில் மட்டும் ஒரு ஜோடி மேலே இருக்கட்டும்.

எச்சரிக்கை 10 நிமிடத்துக்குக் கீழே, அல்லது நிச்சயமில்லை என்றால் ஆஷ்தான் மாதிரி. நான்கு மேலே, ஆபத்து வேளையில் மட்டும். நான்கு ஓடுபாதை முனையில், விமானி உள்ளே. மிச்சம் ஏழும் மறைவு ஓடுபாதையில் ஐந்து நிமிட ஆயத்தத்தில். மேலே இருக்கும் நான்கின் வேலை எதிரியை வீழ்த்துவதல்ல. கீழே இருக்கும் நான்கு சக்கரம் மடக்கும் வரை எதிரி தலைநிமிர்ந்து பார்க்கும்படி வைப்பதுதான். இதை அந்த விமானிகளுக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நல்ல விமானி முதல் எதிரியைத் துரத்திக்கொண்டு இருபது கிலோமீட்டர் போய்விடுவார், கீழே ஓடுபாதை அநாதையாகிவிடும்.

மேலே போகிற நான்கும் தளத்துக்கு நேர் மேலே சுற்றக் கூடாது. எதிரி வரக்கூடிய பக்கம் 15 கிலோமீட்டர் தள்ளி, சூரியன் முதுகில் படும்படி, ஜோடி ஜோடியாக ஆயிரம் மீட்டர் இடைவெளியில் ஒன்றுக்கு மேல் ஒன்றாக. ஓடுபாதை முனையிலிருந்து எழும்பும் நான்கும் அங்கேயே செங்குத்தாக ஏறப் பார்க்கக் கூடாது. எழும்பியதும் தாழ்வாகவே, எதிரி வரும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக இரண்டு மூன்று நிமிடம் விலகி, வேகம் சேர்த்து, அதன் பிறகு உயரம். தளத்தை விட்டு ஓடுவதுபோலத் தோன்றும். அடுத்த ஐந்தாவது நிமிடத்தில் எதிரி குண்டு வீசிவிட்டுத் தாழ்வாகத் திரும்பும்போது அவனுக்கு மேலே நிற்பது நாமாக இருப்போம்.

விமான எதிர்ப்புத் துப்பாக்கிகளோடு ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். தளத்தைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் வட்டம் துப்பாக்கிக்காரர்களுடையது. அதற்குள் போர் விமானம் எதிரியைத் துரத்தி நுழையாது. வட்டத்துக்கு வெளியே துப்பாக்கி சுடாது. 1941 டிசம்பர் 7 இரவு அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல் என்டர்பிரைஸின் வைல்ட்கேட்கள் பேர்ல் ஹார்பரில் இறங்க வந்தபோது சொந்தத் துப்பாக்கிகளே பலவற்றைச் சுட்டு வீழ்த்தின. காலையில் அடிவாங்கிய தளம் அன்று முழுவதும் எதைப் பார்த்தாலும் சுடும். இறங்கும் வழி, உயரம், சக்கரம் இறக்கவேண்டிய இடம் எல்லாம் முன்பே ஒத்துக்கொண்டிருக்க வேண்டும்.

அதேபோல் எச்சரிக்கை வந்த நொடியில் தளத்துக்கு வந்துகொண்டிருக்கும் நம் மற்ற விமானங்களைத் திருப்பிவிடும் ஆள் ஒருவர் வேண்டும். ஈஸ்டர் ஞாயிறு அன்று சீனக்குடாவிலிருந்து டார்பிடோவோடு கொழும்பு நோக்கி வந்த ஆறு ஸ்வோர்ட்ஃபிஷ் விமானங்களும் ஜீரோக்களிடம் மாட்டி வீழ்ந்தன.

கடைசியாக, இறங்குவது. தாக்குதல் முடிந்து எதிரி திரும்பியதும் எல்லோரும் எரிபொருள் தீர்ந்து ஒரே வேளையில் தளத்துக்கு வருவார்கள். ஓடுபாதையில் குழிகள் இருக்கும், வெடிக்காத குண்டும் இருக்கலாம். முதலில் ஒருவர் தாழ்வாக ஓடுபாதை நெடுகப் பறந்து பார்த்துச் சொல்லட்டும். அடிபட்ட விமானங்களை ஓடுபாதையில் இறக்காமல் பக்கத்துப் புல்வெளியில் இறக்குங்கள், ஓடுபாதையின் நடுவே சக்கரம் உடைந்து நின்றால் மற்றவர்களுக்கு வழி அடைபடும். மறைவு ஓடுபாதையில் எரிபொருள் நிரப்பிய லாரியும் தோட்டா நாடாவும் தயாராக இருக்க, பத்து நிமிடத்துக்குக் குறைந்த எரிபொருள் உள்ளவர்கள் நேராக அங்கே போகட்டும். மற்றவர்கள் மேலேயே இருந்து, இறங்குகிறவர்களின் முதுகைப் பார்த்துக்கொள்ளட்டும்.